கன்சல்டன்ட் என்றால் தரகரா? ராணுவத் தளவாடக் கொள்முதலும் திட்ட மேலாண்மை ஆலோசனையும்: ஓர் எளிய விளக்கம்

போன தை மாதம் ஆவடியில் அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை பெண்ணின் பெரியப்பாவுக்கு. ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டார்: "மாப்பிள்ளை டிஃபென்ஸ் கன்சல்டன்சியாமே. அப்படின்னா இந்த பீரங்கி, டாங்கியெல்லாம் வாங்கிக் குடுக்கற ஏஜென்டா தம்பி?"

குரலில் பாதி மரியாதை, பாதி பயம். அவர் போஃபர்ஸ் பீரங்கிக் கமிஷன் செய்தியை அன்றாடம் பேப்பரில் படித்து வளர்ந்த தலைமுறை. "இல்லைங்க, வாங்கிக் குடுக்கறது இல்ல, வாங்கறவங்களுக்குக் கணக்கு வச்சுக் குடுக்கறது" என்றேன். மோர் வந்துவிட்டது, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அதன் மிச்சம்தான் இது.

நான் ராணுவத்து ஆள் இல்லை. கட்டடத் திட்டங்களுக்கு அட்டவணை போட்டுப் பிழைப்பவன். ஆனால் இரண்டு தொழிலுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

வீடு கட்டியவருக்குப் பாதி தெரியும்

பட்டாபிராமில் நான் வீடு கட்டியபோது களத்தில் மூன்று தரப்பு. ஒன்று நான்: பணமும் கையெழுத்தும் என்னுடையவை. இரண்டாவது கான்ட்ராக்டர்: ஆள் வைத்து வேலை செய்பவர். மூன்றாவது, எனக்காக நான் தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட இன்ஜினியர்.

அந்த இன்ஜினியர் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. எந்த நிறத்தில் பெயின்ட் என்பதையும் அவர் முடிவு செய்யவில்லை. கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், டேப்பை எடுத்துக்கொண்டு வந்து இடைவெளியை அளப்பார். கான்ட்ராக்டர் பில்லை நீட்டினால் வேலை அவ்வளவு முடிந்திருக்கிறதா என்று பார்த்து, "இதுக்கு இப்ப குடுக்கலாம், அதை நிறுத்தி வைங்க" என்பார். புரட்டாசியில் ஒருநாள் சொன்னார்: "சார், ஐப்பசி மழைக்கு முன்னாடி ரூஃப் போடலைன்னா அப்புறம் தைதான்." அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குக் கொடுத்த சம்பளம் சரியாகிவிட்டது.

இதைப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்னை மெட்ரோவின் முதல் கட்ட வேலை 2009-இல் தொடங்கி, முதல் ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடியது. சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி, தூண் எழுப்ப ஒன்று, ரயில் பெட்டி செய்ய இன்னொன்று, சிக்னலுக்கு வேறொன்று. இவர்கள் எல்லோருடைய வேலையும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று மெட்ரோ நிறுவனத்துக்காகப் பார்த்துச் சொல்ல 'பொது ஆலோசகர்' என்று ஒரு தனித் தரப்பு இருந்தது. என் வீட்டு இன்ஜினியரின் வேலைதான். அளவு மட்டும் சில ஆயிரம் மடங்கு.

இதற்குத் தொழில்பெயர் திட்ட மேலாண்மை ஆலோசனை, சுருக்கமாக பி.எம்.சி. வாங்குபவரின் பக்கம் உட்கார்ந்துகொண்டு காலம், செலவு, தரம் மூன்றும் கைநழுவாமல் கண்காணிப்பது, நழுவப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்வது. முடிவெடுப்பதும் கையெழுத்துப் போடுவதும் வாங்குபவர்தான். இதுவரை புரிந்திருந்தால் போதும். இனி அந்த வாங்குபவரின் இடத்தில் ராணுவத்தை வைத்துப் பார்ப்போம்.

கடையில் கிடைக்காத பொருள்

2025-26 பட்ஜெட்டில் ராணுவத்தின் மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது சுமார் 1.80 லட்சம் கோடி ரூபாய். மூலதனச் செலவு என்றால் புதிதாக வாங்குவதும் பெரிய அளவில் மேம்படுத்துவதும். டீசல், சீருடை, வழக்கமான உதிரி பாகம் எல்லாம் வருவாய்ச் செலவு. அதற்குத் தனி விதிப்புத்தகம். நாம் பேசப்போவது முதல் வகை. அதன் விதிப்புத்தகம் 'டிஃபென்ஸ் அக்விசிஷன் ப்ரொசீஜர்'. இதை டி.ஏ.பி. என்பார்கள்.

விமானமோ டாங்கியோ ஷோரூமில் நிற்பதில்லை. பல சமயம் வாங்குபவர் கேட்ட பிறகுதான் அந்த வடிவத்தில் அது பிறக்கவே செய்கிறது. அதனால் "என்ன வேண்டும்" என்று எழுதுவதே முதல் பெரிய வேலை. முப்படைகளில் எதற்குத் தேவையோ அது, பொருள் என்னென்ன செய்தாக வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறது: எவ்வளவு எடை தூக்க வேண்டும், எத்தனை டிகிரி வெயிலில் ஓட வேண்டும், எவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாமல் வேலை செய்ய வேண்டும். இதற்கு எஸ்.கியூ.ஆர். என்று பெயர். இடையில் 'உங்களிடம் இப்படி ஒன்று இருக்கிறதா' என்று கம்பெனிகளிடம் தகவல் கேட்டு ஒரு கடிதம் போகும்.

பட்டியல் எழுதுவது எளிது என்று நினைக்காதீர்கள். ஜவுளிக்கடையில் "நல்ல பட்டா, லேசா, சாயம் போகாததா, விலை குறைச்சலா" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். உலகத்தில் உள்ள எல்லா நல்ல அம்சங்களையும் ஒரே பட்டியலில் அடுக்கினால் அப்படி ஒரு பொருள் எங்கேயும் இருக்காது. பரிசோதனையில் எல்லோரும் தோற்பார்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தங்களில் 'தேவைப் பட்டியலை நடைமுறைக்கு ஒத்ததாக வைப்பது' என்று ஒரு வரி தனியாகவே இருந்தது.

பட்டியல் தயாரானதும், பெரிய கொள்முதல் என்றால், பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் 'ஆமாம், இது தேவைதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பேப்பரில் "இத்தனை ஆயிரம் கோடிக்கு ஆயுதம் வாங்க ஒப்புதல்" என்று வருகிறதே, பெரும்பாலும் அது இந்தக் கட்டம்தான். இதன் பெயர் ஏ.ஓ.என். அன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் கைமாறியிருக்காது. பெண் பார்க்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு டெண்டர். கம்பெனிகள் இரண்டு உறை தரும். ஒன்றில் தொழில்நுட்ப விவரம், இன்னொன்றில் விலை. முதலில் தொழில்நுட்ப உறை மட்டும் பிரிக்கப்படும், விலை உறை மூடியே இருக்கும். காகிதத்தில் தேறியவர்கள் பொருளை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். இது களப் பரிசோதனை. பொதுவாக இந்தச் செலவு கம்பெனியுடையது. தேறினாலும் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ராணுவத்துக்கு இல்லை. தேறியவர்களின் விலை உறை மட்டும் பிரிக்கப்படும். குறைந்த விலை சொன்னவருக்கு எல்-1 என்று பெயர். அவரோடு விலைபேசும் குழு உட்கார்ந்து பேசி முடித்து, உரிய மட்டத்தில் நிதி ஒப்புதல் வாங்கி, அப்புறம்தான் ஒப்பந்தம். தொகை மிகப் பெரிது என்றால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு வரை கோப்பு போகும்.

எல்-1 ஆகிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. 126 போர் விமானங்களுக்கு 2007-இல் டெண்டர் விட்டார்கள். 2012 ஜனவரியில் ரஃபேல் எல்-1 என்று அறிவித்தார்கள். 2015-இல் அந்த வழியே கைவிடப்பட்டது. 2016-இல் 36 விமானங்கள் வேறு வழியில், இரு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தமாக வாங்கப்பட்டன.

சுருக்கமாக: தேவை எழுதுவது, ஒப்புதல், டெண்டர், பரிசோதனை, விலைபேச்சு, ஒப்பந்தம். ஒவ்வொன்றிலும் ஒரு குழு, ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து. எந்த இடத்திலும் ஆலோசகரின் கையெழுத்து இல்லை.

ஒரு மே மாதம் போனால்

சரி, அப்படியென்றால் ஆலோசகர் என்னதான் செய்கிறார்? ஒரே ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

டாங்கியில் பொருத்தும் ஏதோ ஒரு கருவி வாங்குகிறார்கள் என்று வையுங்கள். அது ராஜஸ்தான் பாலைவனத்தில் உச்சி வெயிலில் வேலை செய்ய வேண்டும். பரிசோதனையை டிசம்பரில் வைத்தால் பயனில்லை. மே, ஜூனில்தான் வைக்க வேண்டும். அதற்கு ஏப்ரலுக்குள் கருவி இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கருவி என்றால் அந்த நாட்டு அரசின் ஏற்றுமதி அனுமதி முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டும். பரிசோதனைக்குக் குண்டு வேண்டும், மைதானம் வேண்டும், பொருத்திப் பார்க்க ஒரு டாங்கி வேண்டும். டாங்கி தரவேண்டிய படைப்பிரிவு அந்த மாதம் பயிற்சிக்குப் போயிருக்கக் கூடாது.

இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மே போய்விடும். மே போனால் ஒரு மாதத் தாமதம் இல்லை, முழு வருடம். நவம்பரில் யாரோ ஒரு கடிதத்தை மூன்று வாரம் மேஜையில் வைத்திருந்ததன் விலை அது.

எந்த வேலை தாமதமானால் மொத்தத் திட்டமும் தாமதமாகுமோ, அந்த வேலைகளின் சங்கிலிக்கு 'கிரிட்டிகல் பாத்' என்று பெயர். நூறு வேலையில் தொண்ணூறு தாமதமானால் சமாளித்துவிடலாம். மிச்சம் பத்து இந்தச் சங்கிலியில் இருக்கும். அந்தப் பத்து எவை என்று கண்டுபிடித்து, நவம்பரிலேயே கதவைத் தட்டுவதுதான் ஆலோசகரின் தினசரி வேலை. என் இன்ஜினியர் சொன்ன ஐப்பசி மழை மாதிரிதான்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வேலை இன்னும் கூடும். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் உண்மையிலேயே முடிந்ததா என்று பார்க்க வேண்டும். தாமதத்துக்குப் பிடித்தம் எவ்வளவு, வங்கி உத்தரவாதம் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, தொழிற்சாலைப் பரிசோதனைக்கு யார் போகிறார்கள் என்று பார்க்கவும் ஆள் வேண்டும். 2020 மே அறிவிப்பில், ஒப்பந்த நிர்வாகத்துக்குக் கைகொடுக்க 'திட்ட மேலாண்மைப் பிரிவு' ஒன்று அமைப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு வந்த டி.ஏ.பி.யிலும் அது இடம்பெற்றது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ராணுவ அதிகாரிக்கு இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வரும்; ஒரு கொள்முதல் பத்து வருடம் ஓடும். நடுவில் 'போன கூட்டத்தில் ஏன் இப்படி முடிவு செய்தோம்' என்று சொல்ல யாராவது வேண்டாமா?

இந்தத் தொழிலின் இன்னொரு முகம் நம்மூர்ப் பக்கம். அம்பத்தூர், திருமுடிவாக்கம் எஸ்டேட்டுகளில் லேத்தும் சி.என்.சி. மெஷினும் வைத்திருப்பவர்கள் ராணுவத் தளவாடத்துக்குப் பாகம் செய்து தர ஆசைப்படுகிறார்கள். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். தரச் சான்று, உரிமம், டெண்டர் ஆவணம் என்று இவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்களும் உண்டு. இவர்கள் இருப்பது விற்பவரின் பக்கம். தவறில்லை. ஆனால் ஒரே ஆலோசகர் ஒரே டெண்டரில் இரண்டு பக்கமும் உட்கார முடியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பழசைத் திறந்தால்தான் தெரியும்

புதிதாக வாங்குவதைவிட இருப்பதை மேம்படுத்துவது எளிது, மலிவு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு நேர் எதிர் அபிப்பிராயம்.

அம்மாவின் பழைய அம்பத்தூர் வீட்டுக்கு ஏ.சி. வாங்கினேன். எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை, ஒயரை இரண்டு விரலால் தொட்டார், மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒயரிங் மாற்றம், மெயின் போர்டு மாற்றம், த்ரீ ஃபேஸுக்கு ஈ.பி. ஆபீஸில் விண்ணப்பம். ஏ.சி. விலையைப் போல இரண்டு மடங்கு செலவு சுவருக்குள் போனது.

கடற்படையின் விக்ரமாதித்யா கதையும் இதுதான். சோவியத் காலத்துப் பழைய விமானந்தாங்கிக் கப்பல். ரஷ்யா கப்பலை இலவசமாகவே தந்தது; புதுப்பிக்கும் செலவுக்கு 2004 ஜனவரியில் 97.4 கோடி டாலர் என்று ஒப்பந்தம். 2008-இல் வந்திருக்க வேண்டும். திறந்து பார்க்கப் பார்க்க வேலை கூடிக்கொண்டே போனது, கேபிள்கள் மட்டுமே நினைத்ததைவிட எவ்வளவோ அதிகம் மாற்ற வேண்டியிருந்தது. விலை 230 கோடி டாலரைத் தாண்டியது. 2012 கடல் சோதனையில் கொதிகலன்கள் பழுதாகி இன்னும் தள்ளிப்போய், 2013 நவம்பர் 16 அன்றுதான் கப்பல் கைக்கு வந்தது. வேலை இப்படி ஒப்பந்தத்துக்கு வெளியே வீங்கிக்கொண்டு போவதை 'ஸ்கோப் க்ரீப்' என்பார்கள். இதைத் தடுக்க மந்திரம் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் எத்தனை இடத்தில் திறந்து பார்க்க முடியுமோ அத்தனை இடத்தில் திறந்து பார்ப்பது, பார்க்க முடியாத இடத்துக்கு 'கூடினால் யார் செலவு' என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, அவ்வளவுதான் வழி.

இப்போது நம் ஆவடிக்கு வருவோம். 2025 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்ய நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. டி-72 டாங்கிகளில் இப்போது இருப்பது 780 குதிரைத்திறன் இன்ஜின். அதற்குப் பதில் 1,000 குதிரைத்திறன் இன்ஜின். சில முழுதாக வரும், சில பிரித்த நிலையில் வந்து இங்கே கோக்கப்படும். தொழில்நுட்பம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு மாற்றித் தரப்படும். 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த அதே தொழிற்சாலை. இப்போது ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

பேப்பரில் இது ஒரு வரிச் செய்தி. திட்டம் போடுபவன் கண்ணுக்கு ஒரு மூட்டை கேள்வி. இன்ஜின் பலம் கூடினால் கியர்பாக்ஸ் தாங்குமா? சூட்டை வெளியேற்றப் பழைய ரேடியேட்டர் போதுமா? பாலைவனத் தூசியை வடிக்கும் ஃபில்டர்? ஒரே சமயத்தில் எத்தனை டாங்கியைப் படையிலிருந்து விடுவிக்க முடியும்? பாதி டாங்கியில் பழைய இன்ஜின், பாதியில் புதியது இருக்கும் வருடங்களில் ஸ்டோரில் இரண்டு வகை உதிரி பாகமும் இருக்க வேண்டும், மெக்கானிக்குக்கு இரண்டு கையேடும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட இன்ஜினைப் பற்றி மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று இன்னொன்றோடு ஒட்டும் இடத்தைப் பற்றியவை. அந்த இடத்துக்குத் தொழில்பெயர் 'இன்டர்ஃபேஸ்'. நான் பார்த்த வரையில் திட்டங்கள் சறுக்குவதெல்லாம் அங்கேதான்.

தரகர் எங்கே வருகிறார்?

பெரியப்பாவின் சந்தேகத்துக்கு வருவோம். அது ஆதாரமில்லாத சந்தேகமும் இல்லை. 1986 மார்ச்சில் 1,437 கோடி ரூபாய்க்கு 400 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்க ஒப்பந்தமானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி, இதில் கமிஷன் கைமாறியது என்று செய்தி சொன்னது. அதற்குப் பிறகு 'ஏஜென்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே கோப்பு நின்றுவிடும் நிலை. பிறகு வந்த புதிய பீரங்கிகளான கே-9 வஜ்ராவும் எம்-777-உம் ராணுவத்தில் முறைப்படி சேர்ந்தது 2018 நவம்பரில்தான். நடுவில் ஏறக்குறைய 30 வருடம். கமிஷனால் போன பணம் பெரிதா, பயத்தால் போன காலம் பெரிதா என்று கேட்டால் நான் காலம் என்பேன்.

தரகரையும் ஆலோசகரையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: விற்பனை நடக்காவிட்டால் இவருக்குப் பணம் உண்டா? தரகருக்கு விற்பவர் கொடுக்கிறார், விலையில் இத்தனை சதவீதம் என்று. விற்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆலோசகருக்கு வாங்குபவர் கொடுக்கிறார், வேலைக்கு இவ்வளவு என்று. "இதை வாங்காதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தாலும் கூலி உண்டு. அப்படி எழுதத் துணிபவர்தான் நல்ல ஆலோசகர்.

ஆனால் ஒருவர் மற்றவராக மாற அதிக நேரம் ஆகாது. என் வீட்டு இன்ஜினியரை இவ்வளவு நேரம் புகழ்ந்தேன் அல்லவா? குறிப்பிட்ட ஒரு கடையில்தான் டைல்ஸ் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். பிறகு தெரிந்தது, சதுர அடிக்கு இவ்வளவு என்று கடையிலிருந்து அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்பி அளந்த அதே ஆள்தான். என்னிடமும் சம்பளம், கடையிலும் பங்கு. இதைத்தான் நல முரண் என்கிறோம்: இரண்டு பக்கம் பணம் வாங்கினால் எந்தப் பக்கத்துக்கு வேலை செய்கிறார் என்று அவருக்கே தெரியாமல் போவது.

அதனால்தான் ஆலோசகரை எடுக்கும் ஒப்பந்தத்தில், இதே திட்டத்தில் பொருள் விற்கக் கூடாது, விற்பவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்றெல்லாம் எழுதுகிறார்கள். அமெரிக்க விமானப்படைக்கு ராக்கெட், செயற்கைக்கோள் விஷயங்களில் ஆலோசனை சொல்ல 1960-இல் ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் என்று ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அது லாப நோக்கமற்றது, தானே எதையும் உற்பத்தி செய்து விற்பதில்லை. ஆலோசகருக்கு டைல்ஸ் கடையே இருக்கக் கூடாது என்ற ஏற்பாடு. இங்கே ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். அவர்கள் அனுபவம் இல்லாமல் ஓடவும் ஓடாது. ஓய்வுக்குப் பிறகு குறிப்பிட்ட காலம் வரை தனியார் வேலைக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இருப்பதும் இதே பயத்தால்தான்.

அக்கா மகனிடம் போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், "இந்த வாரம் என்னடா பண்ணின?" வாரம் முழுக்க ஒரே வேலையாம். ஒப்பந்தத்தின் இணைப்பில் ஒரு பாகத்தின் வரைபடம் 'திருத்தம் பி' என்று இருக்கிறது. தொழிற்சாலைக்கு வந்திருக்கும் வரைபடம் 'திருத்தம் சி'. இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு போல்ட் துளைகள். "யார் மாத்தினது, யார் ஒத்துக்கிட்டது, கூடுதல் செலவு யாருதுன்னு பழைய மெயிலெல்லாம் தோண்டிட்டு இருக்கேன் மாமா" என்றான்.

எந்த வண்டி, எந்தப் பாகம் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டான்.